சொன்னவனுக்கா, எடுத்தவனுக்கா? ஒரு டிவி ஐடியாவின் வரலாறு

எங்கள் ஊர் பனவடலிசத்திரம். சங்கரன்கோவில் பக்கத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயரிலேயே சத்திரம் இருப்பதால் சின்ன வயதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சத்திரம் எங்கே, அதில் யார் தங்கினார்கள், யார் சமைத்துப் போட்டார்கள் என்று பெரியவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

இந்தச் சந்தேகத்தை எங்கள் தெரு அண்ணன் ஒருவர் டிவி நிகழ்ச்சியாகவே யோசித்து வைத்திருந்தார். தமிழ்நாட்டில் சத்திரம் என்று முடிகிற ஊர்களை வரிசையாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒட்டன்சத்திரம், சுங்குவார்சத்திரம், எங்கள் ஊர் என்று வாரம் ஒரு ஊர். பழைய சாலையில் மாட்டு வண்டி எங்கே நின்றது, கிணறு எங்கே இருந்தது என்று ஊர்க் கிழவர்களிடம் கேட்க வேண்டும். கடைசியில் அந்த ஊர்ச் சாப்பாட்டை ஒரு வழிப்போக்கருக்குப் போட வேண்டும். கேட்கும்போதே நன்றாக இருக்கிறது அல்லவா?

அண்ணன் சென்னைக்குப் போய் ஒரு சேனலில் இதைச் சொன்னார். (பெயர் வேண்டாம். தப்பு அவர்கள் மேல்தான் என்று எனக்கும் நிச்சயமாகத் தெரியாது.) முக்கால் மணி நேரம் கேட்டார்கள். டீ கொடுத்தார்கள். "சொல்லி அனுப்புறோம் சார்" என்றார்கள். ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. அடுத்த வருஷம் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு நிகழ்ச்சி ஓடியது. அன்று ராத்திரி டீக்கடை பெஞ்சில் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, நீ காமர்ஸ்தானல படிக்க? சட்டம் ஒரு பேப்பர் இருக்கும்லா? கேஸ் போட்டா நிக்குமா நிக்காதா?"

"தெரியலண்ணே, பாத்துச் சொல்லுதேன்" என்றேன். எங்கள் பிசினஸ் லா பேப்பரில் ஒப்பந்தச் சட்டம்தான் இருந்தது, இது இல்லை. அதனால் கொஞ்சம் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க இதற்குப் பெரிய வரலாறே இருப்பது தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டெல்லியில் ஒரு நாடகம்

கதை 1953-இல் தொடங்குகிறது. டெல்லியில் ஆர்.ஜி. ஆனந்த் என்று ஒருவர். தொழில் கட்டட வரைகலை, ஆசை நாடகம். 'ஹம் ஹிந்துஸ்தானி' என்று ஒரு இந்தி நாடகம் எழுதி 1954 பிப்ரவரியில் டெல்லி வேவல் தியேட்டரில் போட்டார். பஞ்சாபிக் குடும்பம் ஒன்று, மதராஸிக் குடும்பம் ஒன்று. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் காதலிக்கிறார்கள், பெற்றோர் மாநில வெறியில் எதிர்க்கிறார்கள். அந்த மதராஸி நம்ம ஆள்தான், அப்போது தெற்கே இருந்து போன எல்லோருக்கும் அங்கே அதுதான் பெயர்.

நாடகம் நன்றாகப் போனது. படமாக எடுக்கலாம் என்று பேச்சு வந்தது. 1954 நவம்பரில் இயக்குநர் மோகன் சேகலிடமிருந்து ஆனந்துக்குக் கடிதம் வந்தது. 1955 ஜனவரியில் சேகல் டெல்லிக்கு வந்தார். ஆனந்த் நாடகம் முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்டினார். போனவர் பிடி கொடுத்துப் பேசவில்லை. அதே வருஷம் மே மாதம் 'நியூ டெல்லி' என்ற படத்துக்கு அறிவிப்பு வந்தது. 1956-இல் படம் வந்தது. கிஷோர் குமாரும் நம்ம வைஜெயந்திமாலாவும் ஜோடி. பஞ்சாபிப் பையன், தமிழ்ப் பெண், டெல்லி, எதிர்க்கும் பெற்றோர்!

ஆனந்த் படத்தைப் பார்த்தார், கோர்ட்டுக்குப் போனார். கீழ்க் கோர்ட்டில் தோல்வி. 1967-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தோல்வி. 1978 ஆகஸ்ட் 18 அன்று உச்ச நீதிமன்றத்திலும் தோல்வி. படம் வந்து 22 வருஷம் ஆகியிருந்தது.

ஏன் தோற்றார்? உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி வரும். கருத்து, கரு, கதைப்பொருள், வரலாற்றுச் செய்தி இவற்றுக்கெல்லாம் பதிப்புரிமை கிடையாது. அந்தக் கருத்தை ஒருவர் எப்படி எழுதினார், எப்படி அடுக்கினார், எப்படி வெளிப்படுத்தினார் என்பதற்குத்தான் உரிமை. இரண்டையும் பார்த்த ஒரு சாதாரண ரசிகர் "இது அதன் நகல்தான்" என்று சந்தேகமில்லாமல் சொல்ல வேண்டும். நாடகம் கல்யாணத்தில் வரும் மாநில வெறியை மட்டும் பேசியது. படமோ வேறு மாநிலத்தானுக்கு வீடு கிடைக்காத கஷ்டத்தையும், வரதட்சணைக் கொடுமையையும் சேர்த்துப் பேசியது. அதனால் நகல் இல்லை என்று முடித்தார்கள்.

இந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் பட்டது நீதிபதி பதக் தனியாக எழுதிய பகுதி. தீர்ப்போடு அவர் ஒத்துப் போகிறார், ஆனால் மனசில்லாமல் ஒத்துப் போகிறார். அடுத்தவன் உழைப்பை எடுத்துக்கொள்ள நினைப்பவன் கதையைக் கொஞ்சம் அகலப்படுத்தி, அங்கங்கே மாற்றி, திருட்டை மறைத்துவிட முடியும் என்று சொல்கிறார். இன்னும் தெளிவான வழக்கு ஒன்று வந்தால் இந்த நீதிமன்றம் தலையிட வேண்டியிருக்கும் என்றும் சொல்லி வைக்கிறார். ஆனந்துக்கு அது ஆறுதலாக இருந்திருக்குமா என்று தெரியவில்லை. ஆனால் இன்றுவரை இந்தியாவில் கதைத் திருட்டு வழக்கு எது வந்தாலும் வக்கீல்கள் முதலில் புரட்டுவது இந்த 1978 தீர்ப்பைத்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். ஆனந்த் நாடகத்தை நம்பிக்கையோடு தன்னைத் தேடி வந்தவருக்குப் படித்துக் காட்டினார். ஆனால் வழக்கு முழுக்க "நகலா, இல்லையா" என்றே நடந்தது. நம்பிச் சொன்னதைப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி அங்கே பெரிதாகவில்லை. அந்தக் கேள்விதான் பின்னால் வந்தவர்களைக் காப்பாற்றியது.

மூன்று நடிகைகள், ஒரு கைதட்டல் மீட்டர்

கொஞ்சம் பிரிட்டன் போய்விட்டு வருவோம். நம்ம சட்டம் அங்கிருந்து வந்ததுதான். (ஆனந்த் வழக்குக்கே பழைய பிரிட்டிஷ் காலச் சட்டம்தான் பொருந்தியது. நம்முடைய பதிப்புரிமைச் சட்டம் 1957-இல்தான் வந்தது.)

அங்கே ஹியூகி கிரீன் என்று ஒரு டிவி பிரபலம். 'ஆப்பர்சூனிட்டி நாக்ஸ்' என்று திறமை காட்டும் நிகழ்ச்சியை 1956 முதல் 1978 வரை டிவியில் நடத்தினார். இன்றைய சூப்பர் சிங்கர் வகையறாவுக்கெல்லாம் தாத்தா மாதிரி. போட்டியாளரை அறிமுகம் செய்ய ஒரே மாதிரியான வசனங்கள், கைதட்டலை அளக்க ஒரு மீட்டர். நியூசிலாந்து அரசு டிவி அதே பெயரில், அதே வசனத்தோடு, அதே மீட்டரோடு ஒரு நிகழ்ச்சி நடத்தியது. கிரீன் வழக்குப் போட்டார். 1989-இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றார். வசனமும் மீட்டரும் சில அம்சங்கள் மட்டுமே, அவற்றைச் சுற்றி வாரா வாரம் நடப்பது வேறு வேறு. அப்படியே மேடையேற்றக்கூடிய ஒரு நாடகமாக அது இல்லை, அதனால் அதில் பதிப்புரிமை இல்லை என்றார்கள்.

பெயர், வசனம், மீட்டர் எல்லாம் ஒன்றாக இருந்தும் தோல்வி! அப்படியென்றால் எங்கள் அண்ணன் எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

ஆனால் அதற்குச் சில வருஷம் முன்பே அதே பிரிட்டனில் மூன்று நடிகைகள் ஜெயித்திருக்கிறார்கள். மூன்று பெண்கள் சேர்ந்து ராக் இசைக் குழு தொடங்குவது பற்றி ஒரு தொடர் எடுக்கலாம் என்ற யோசனை அவர்களுடையது. அவர்களோடு இருந்த இசையமைப்பாளர் பிரேசரும் சேர்ந்து தேம்ஸ் டெலிவிஷனிடம் வாயால்தான் சொன்னார்கள். தேம்ஸ் பேச்சுவார்த்தை நடத்தியது. பிறகு வேறு நடிகைகளை வைத்து 'ராக் ஃபாலீஸ்' என்று 1976-இல் எடுத்துவிட்டது. இவர்கள் பதிப்புரிமை என்று போகவில்லை. "நம்பிச் சொன்னோம், நம்பிக்கையை மீறிவிட்டார்கள்" என்று போனார்கள். கோர்ட் ஏற்றுக்கொண்டது. வாயால் சொன்ன யோசனைக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் அது புதியதாக இருக்க வேண்டும், இன்னதுதான் என்று தெளிவாக அடையாளம் காட்ட முடிய வேண்டும், வியாபார மதிப்பு இருக்க வேண்டும், நடைமுறையில் எடுக்கக்கூடிய அளவுக்கு வளர்ந்திருக்க வேண்டும் என்று நீதிபதி சொன்னார்.

ஆக இரண்டு கதவு இருக்கிறது. ஒன்று பதிப்புரிமை, அது எழுதிய தாளைக் காக்கும். இன்னொன்று நம்பிக்கை, அது சொன்ன விதத்தைக் காக்கும். நம்முடைய 1957 சட்டத்தின் 16-ஆம் பிரிவே இரண்டாவது கதவைத் திறந்து வைத்திருக்கிறது. இந்தச் சட்டத்துக்கு வெளியே பதிப்புரிமை கிடையாது என்று சொல்லிவிட்டு, நம்பிக்கை மீறலைத் தடுக்கும் உரிமையை இது பறிக்காது என்று அதே பிரிவு முடிகிறது. ஒரே ஒரு வரிதான். ஆனால் அதில் எத்தனையோ பேர் பிழைப்பு இருக்கிறது.

சுயம்வரமும் கண்ணனும்

நம் நாட்டில் ரொம்ப காலம் டிவி என்றால் தூர்தர்ஷன் மட்டும்தான். கதை சொல்ல ஒரே வாசல். 1992-இல் ஜீ வந்தது. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்தது. பிறகு வரிசையாகச் சேனல்கள். எல்லோருக்கும் புதுப் புது நிகழ்ச்சி வேண்டும். ஐடியாவுக்கு முதல் முறையாக நாலு வாசல் கிடைத்தது. ஒரு வாசலில் சொன்னது இன்னொரு வாசல் வழியாக வெளியே வருவதும் தொடங்கியது.

அனில் குப்தா என்பவர் ஒரு நிகழ்ச்சியை யோசித்தார். பெயர் 'ஸ்வயம்வர்'. புராணத்தில் இளவரசி செய்ததை இன்று சாதாரணப் பெண் ஒருத்தி டிவியில் செய்வாள். வந்திருக்கும் ஆண்களில் தனக்கு வேண்டிய மாப்பிள்ளையை அவளே தேர்ந்தெடுப்பாள். இதை விவரமாக எழுதி, பதிவும் செய்து, சோனி நிறுவனத்தாரிடம் கொடுத்தார். பிறகு அவர்கள் 'ஷுப விவாஹ்' என்று ஒரு கல்யாண ரியாலிட்டி நிகழ்ச்சி எடுக்கப் போவதாகச் செய்தி வந்தது. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். "சுயம்வரம் ராமாயண காலத்து விஷயம், அதற்கு யார் சொந்தம் கொண்டாட முடியும்?" என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. நியாயமான கேள்விதானே?

2002-இல் கோர்ட் சொன்ன பதிலும் நியாயமானதுதான். சுயம்வரம் என்ற கருத்து பொது. ஆனால் அதை இன்றைய ரியாலிட்டி நிகழ்ச்சியாக மாற்றி, எப்படி நடக்கும் என்று விவரங்களோடு வளர்த்து எழுதிவிட்டால் அது வெறும் கருத்தாக இல்லை, பாதுகாக்கக்கூடிய படைப்பாகிவிடுகிறது. நிகழ்ச்சிக்கு ஒரு குறிப்பிட்ட காலம் தடை கிடைத்தது. ஏன் நிரந்தரத் தடை இல்லை? யோசித்தவர் தன் நிகழ்ச்சியை முதலில் கொண்டுவர ஒரு வாய்ப்பு வேண்டும், அடுத்தவர் அவர் முதுகில் ஏறி முந்திவிடக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு.

(2009-இல் என்டிடிவி இமேஜினில் ராக்கி சாவந்த் சுயம்வரம் நடந்தது. 2018-இல் கலர்ஸ் தமிழில் ஆர்யாவுக்குப் பெண் தேடிய 'எங்க வீட்டு மாப்பிள்ளை' வந்தது. கருத்து பொது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?)

அடுத்த வருஷம், 2003-இல், மும்பை உயர் நீதிமன்றத்தில் சன்டயல் கம்யூனிகேஷன்ஸ் வழக்கு. இன்றைய குடும்பம் ஒன்றுக்குள் பால கிருஷ்ணன் வந்து அவர்கள் பிரச்சினையைத் தீர்ப்பதாக ஒரு தொடரை சன்டயல்காரர்கள் யோசித்தார்கள். எழுதிப் பதிவு செய்து ஜீ நிறுவனத்திடம் கொடுத்தார்கள். பிறகு ஜீயிலேயே அதே மாதிரி 'கன்ஹையா' என்று தொடர் வரப்போவது தெரிந்தது. "கண்ணன் கதை ஊரறிந்த கதை" என்றது ஜீ. கோர்ட் கேட்கவில்லை. ஊரறிந்த பொருளை வைத்தும் ஒருவர் மூளையைச் செலவழித்துப் புதியதைச் செய்ய முடியும் என்று சொல்லித் தடையை உறுதி செய்தது. ஜெயிக்க நான்கு விஷயம் காட்ட வேண்டும் என்றும் சொன்னது.

ஒன்று, எந்தத் தகவல் என்னுடையது என்று தெளிவாகக் காட்ட வேண்டும்.
இரண்டு, அதை நம்பிக்கையின் பேரில்தான் கொடுத்தேன் என்று காட்ட வேண்டும்.
மூன்று, அது ரகசியமாகக் கருதத்தக்க தகவலாக இருக்க வேண்டும்.
நான்கு, என் அனுமதி இல்லாமல் அதைப் பயன்படுத்தினார்கள் அல்லது பயன்படுத்தப் போகிறார்கள் என்று காட்ட வேண்டும்.

இந்த நான்கில் ஒன்று சறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2007 வழக்கு உதாரணம். ஊர்மி ஜுவேகர் என்ற திரைக்கதை எழுத்தாளர், சாதாரண மக்களே தங்கள் பகுதிப் பிரச்சினையைத் தீர்க்கக் கிளம்புவதை நிகழ்ச்சியாக்கும் யோசனையை எழுதி ஒரு செய்திச் சேனலிடம் பேசினார். அதேபோல ஒன்று அங்கே வந்துவிட்டது என்று மும்பை உயர் நீதிமன்றம் போனார். அந்த யோசனையில் உள்ளவை ஏற்கனவே பொதுவில் இருப்பவை, ரகசியம் என்று சொல்ல முடியாது என்றது கோர்ட். எழுதிக் கொடுத்தவர்தான், தொழில்முறை எழுத்தாளர்தான். ஆனாலும் மூன்றாவது படியில் சறுக்கிவிட்டது.

நம்ம ஊர் கதைகள்

தமிழில் இந்தச் சண்டை டிவியை விட சினிமாவில்தான் அதிகம் பேசப்பட்டது. இரண்டை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டும் இரண்டு விதம்.

ஆரூர் தமிழ்நாடன் 'ஜூகிபா' என்ற கதையை 1996-இல் 'இனிய உதயம்' இதழில் எழுதியிருந்தார். 2010-இல் 'எந்திரன்' வந்ததும் தன் கதை என்று வழக்குப் போட்டார். 13 வருஷம் கழித்து 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் சிவில் வழக்கைத் தள்ளுபடி செய்தது. இதே விவகாரத்தை வைத்து அமலாக்கத் துறை 2025 பிப்ரவரியில் இயக்குநர் ஷங்கரின் சொத்துகளை முடக்கியது, அடுத்த மாதமே அதற்கு இடைக்காலத் தடை கிடைத்தது. அச்சில் வந்த கதை என்பதால் இங்கே ரகசியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நகலா இல்லையா என்ற பழைய 1978 கேள்விதான் மிஞ்சியது.

மற்றது 'சர்கார்'. வருண் ராஜேந்திரன் 'செங்கோல்' என்ற கதையை 2007-இலேயே தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்து வைத்திருந்தார். 2018-இல் 'சர்கார்' வெளியாகும் முன்பே புகார் கொடுத்தார். சங்கத் தலைவராக இருந்த பாக்யராஜ் இரண்டையும் படித்துவிட்டு மூலக்கரு ஒன்றுதான் என்றார். உயர் நீதிமன்றத்தில் சமரசம் ஆனது, படத்தில் அவருக்கு நன்றி அறிவிப்பு வந்தது. கோர்ட் தீர்ப்பு சொல்லி ஜெயித்ததல்ல இது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் தேதி போட்டு வைத்த ஒரு தாள் வாங்கிக் கொடுத்தது.

எங்கள் பாடத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு

இதையெல்லாம் படித்தபோது எனக்கு அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டு 26 ஞாபகம் வந்தது. கண்ணுக்குத் தெரியாத சொத்து பற்றிய பாடம் அது. ஒன்றைச் சொத்து என்று பேலன்ஸ் ஷீட்டில் காட்ட வேண்டும் என்றால் அது தனியாக அடையாளம் காணக்கூடியதாக இருக்க வேண்டும், அதன்மேல் நமக்குக் கட்டுப்பாடு இருக்க வேண்டும், அதனால் பின்னால் வரவு இருக்க வேண்டும். ஆராய்ச்சிக் கட்டத்தில் செலவழித்ததைச் சொத்தாகவே காட்டக் கூடாது, செலவாகத்தான் எழுத வேண்டும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது இது எனக்கு வெறும் விதி. அண்ணன் விஷயத்தில்தான் புரிந்தது. அவர் மனசில் இருந்த நிகழ்ச்சி அவருக்குப் பெரிய சொத்து. கணக்கில் அது பஸ் டிக்கெட் செலவு மட்டுமே.

இதே ஐடியா வியாபாரத்தை உலகத்தில் சிலர் சொத்தாக்கிக் காட்டியிருக்கிறார்கள். பிரிட்டனில் 1998-இல் தொடங்கிய 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்' 2000 ஜூலையில் இந்தியில் 'கோன் பனேகா கரோர்பதி' ஆனது. 2012-இல் விஜய் டிவியில் சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி'யும் அதே குடும்பம்தான். கேள்வி கேட்டுப் பணம் கொடுப்பது யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் மேடை அமைப்பு, விளக்கு, இசை, கேள்வியின் படிகள், உதவி வழிகள், நடத்தும் முறை எல்லாவற்றையும் ஒரு கையேடாக எழுதி, அனுபவத்தோடும் பெயரோடும் சேர்த்து விற்கிறார்கள். 1999-இல் நெதர்லாந்தில் தொடங்கிய 'பிக் பிரதர்' 2017-இல் தமிழில் 'பிக் பாஸ்' ஆக வந்ததும் இப்படித்தான். அந்தப் பிக் பிரதர் மேலேயே, 'சர்வைவர்' நிகழ்ச்சியைப் பார்த்துச் செய்தது என்று வழக்கு வந்தது. 2004-இல் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் அது நகல் இல்லை என்றது. ஆனால் பல அம்சங்கள் சேர்ந்த அமைப்பு ஒன்றுக்குப் பாதுகாப்பு இருக்க முடியும் என்பதை ஒத்துக்கொண்டது. நம்ம சுயம்வரத் தீர்ப்பும் கிட்டத்தட்ட அதே பாதைதான்.

அப்போ என்னதான் செய்வது?

அண்ணனுக்கு நான் எழுதிக் கொடுத்ததை உங்களுக்கும் தருகிறேன். நான் வக்கீல் இல்லை, மாணவன்தான். பெரிய விஷயம் என்றால் வக்கீலைப் பாருங்கள்.

1. முதலில் எழுதுங்கள். ஒரு வரி போதாது. யார் நடத்துவார், ஒரு பகுதி எப்படித் தொடங்கி எப்படி முடியும், பத்துப் பகுதிக்கு என்னென்ன, மற்ற நிகழ்ச்சியிலிருந்து எதில் வேறுபடும் என்று எழுதுங்கள். விவரம் கூடக்கூட உரிமை கூடும்.

2. பதிவு செய்யுங்கள். பதிப்புரிமை எழுதியவுடன் தானாக வந்துவிடும், பதிவு கட்டாயம் இல்லை. ஆனாலும் பதிவு நல்ல சாட்சி. எழுத்துப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய், ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருக்க வேண்டும். எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அங்கேயும் பதியலாம்.

3. தனக்குத் தானே பதிவுத் தபால் அனுப்பிப் பிரிக்காமல் வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. அது பதிவுக்கு மாற்று இல்லை. பதிவுத் தபாலே 2025-இல் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது.

4. போகும் முன் ஒரு மெயில் அனுப்புங்கள். "இன்ன தேதியில் இன்ன நிகழ்ச்சி பற்றிச் சொல்ல வருகிறேன், உங்கள் பரிசீலனைக்கு மட்டும், ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும்" என்று. வந்த பிறகு "இன்று இன்னின்னார் முன்னிலையில் இதைச் சொன்னேன், நன்றி" என்று இன்னொரு மெயில். அந்த நான்கு படிகளில் இரண்டாவது படி இதுதான்.

5. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கலாம். புது ஆளுக்குப் பெரிய சேனல் போடாது என்பதுதான் நிஜம். அதற்குப் பதில் அவர்களே ஒரு தாளை நீட்டலாம். "இதேபோன்ற ஐடியா எங்களிடம் ஏற்கனவே இருக்கலாம், உரிமை கோர மாட்டேன்" என்று அதில் இருக்கும். படிக்காமல் போட வேண்டாம்.

6. பெயரை மட்டும் நம்ப வேண்டாம். வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் 'தேசி பாய்ஸ்' வழக்கில் சொல்லிவிட்டது.

7. கேட்கும் முன்பே ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டு ரகசியம் என்று சொல்ல முடியாது.

திரும்பவும் டீக்கடை

இவ்வளவும் சொல்லி முடித்ததும் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார், "அப்போ நம்ம கேஸ் நிக்காது, அப்படித்தான?"

"நிக்காதுண்ணே. என்ன சொன்னீங்கன்னு உங்ககிட்ட ஒரு தாள் கூட இல்ல. அவங்க எடுத்ததும் வேற வேற ஊரு."

எனக்கே சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவர் ஐடியாவை எடுத்தார்களா, அவர்களுக்கே தோன்றியதா என்று இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. சத்திரம் தேடும் யோசனை நாலு பேருக்குத் தோன்றக்கூடியதுதான். கருத்து எல்லோருக்கும் பொது என்ற விதி இல்லாமல் போனால் முதலில் பட்டிமன்றம் நடத்தியவர் இன்று எல்லாச் சேனலிலும் வாடகை வசூலித்துக்கொண்டிருப்பார். அந்த விதி நியாயமானது. அண்ணனின் வலியும் நியாயமானது. இரண்டுக்கும் நடுவில் சட்டம் வைத்திருப்பது ஒரு தாளும் ஒரு தேதியும்தான்.

ஆனந்த் 22 வருஷம் போராடித் தோற்றதால்தான் எது போதாது என்று பின்னால் வந்தவர்களுக்குத் தெரிந்தது. அந்த மூன்று நடிகைகளும் சுயம்வரக்காரரும் ஜெயித்ததால் எது போதும் என்று தெரிந்தது. எங்கள் மாதிரி ஊரிலிருந்து கிளம்பிப் போகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. அங்கே ஏசி அறையில் உட்காரவைத்து டீ கொடுத்தாலே நமக்கு எல்லாம் மறந்துவிடுகிறது. நம்பிச் சொல்வது தப்பில்லை. நம்பித்தான் சொன்னோம் என்பதை எழுதி வைக்காததுதான் தப்பு.

போன வாரம் அண்ணன் ஒரு நாற்பது பக்க நோட்டை என் கையில் கொடுத்தார். புது நிகழ்ச்சி. பதினோரு பக்கம் எழுதியிருக்கிறார், ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போட்டிருக்கிறார். டைப் அடிக்கும் வேலை எனக்கு.

என்ன நிகழ்ச்சி என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன்!